வில்லங்கச் சான்றில் வராத விரிசல்

'வில்லங்கம்' என்ற சொல் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பொருளிலும் தெருவில் வேறொரு பொருளிலும் வழங்குகிறது. அலுவலகத்தில் அது சொத்தின்மேல் பதிவான அடமானம், பாகம், கிரயம் முதலியவை. தெருவில் அது வம்பு. வீடு வாங்குபவர் முதல் பொருளுக்கு மட்டுமே சான்று கேட்கிறார். முப்பது ஆண்டுக் கணக்குக்கு மனுப் போட்டு, வந்த தாள்களை வழக்கறிஞரிடம் காட்டி, சொத்து சுத்தம் என்று மனநிறைவு கொள்கிறார். இரண்டாம் பொருளில் உள்ள வில்லங்கமோ பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, முன்பணம் கொடுக்க வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்த் தெருக்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நகரத் திட்ட விதிகளில் 'தொடர் கட்டடப் பகுதி' என்றே ஒரு வகை உண்டு. அங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி விட வேண்டியதில்லை. பழைய தெருக்களில் ஒரு வீட்டின் உத்தரம் அடுத்த வீட்டுச் சுவரில் தலைவைத்துப் படுத்திருக்கும். சுண்ணாம்புக் காரைச் சுவர், மேலே மெட்ராஸ் டெரஸ், கீழே ஆழமில்லாத கடைக்கால், அதற்கும் கீழே கடல் மணல். பக்கத்து மனைக்காரர் பழையதை இடித்துவிட்டு மாடி வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுகிறார். மணல் கொஞ்சம் நகர்கிறது. இந்தப் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுகிறது. அன்றைக்குச் சத்தம் வரும். பிறகு யாராவது பெரியவர் நடுவில் வந்து, "விடுங்கண்ணே, வேலை முடியட்டும், பூசிக் கொடுத்துடுவாரு" என்பார். பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள், திருவிழா வருகிறது, பேச்சு மறந்துபோகிறது. விரிசல் மட்டும் சுவரிலேயே இருக்கிறது.

வீடு விற்பனைக்கு வரும் நாளில்தான் அந்தக் கோட்டுக்கு ஒரு விலை ஏற்படுகிறது. விற்பவருக்குப் பழைய வாக்குறுதி நினைவுக்கு வருகிறது. அண்டை வீட்டாருக்கோ, இத்தனை ஆண்டு சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் கேட்கிறார் என்ற ஐயம். அவர் நஷ்ட ஈடு தர வேண்டியவர், ஆனால் வீடு பார்க்க வருகிறவரிடம் "இது பொதுச்சுவர், தெரியுமில்ல?" என்று ஒரு வார்த்தை சொன்னால் பேரம் முறிந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். தீங்கு செய்தவர் கையிலேயே சாவி இருக்கும் விசித்திரமான வழக்கு இது. தரகர் சொல்லும் வழி எளிது: மேஸ்திரியைக் கூப்பிட்டு, பட்டி பார்த்து, வண்ணம் அடித்துவிடுங்கள்.

அந்தப் பட்டியில்தான் சிக்கல் இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில், வாங்குபவர் அறியாததும் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் புலப்படாததுமான முக்கியக் குறையை விற்பவர் தாமே சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவது மோசடி என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆக, கண்ணுக்குத் தெரியும் விரிசலைத் திறந்தபடி விட்டவரைவிட, அதை நேர்த்தியாகப் பூசி மறைத்தவர்தான் குற்றத்துக்கு அருகில் போகிறார். இரண்டாயிரம் ரூபாய்க் கூலியில் ஒரு சாதாரணப் பழுது மோசடியாகிவிடுகிறது. (வண்ணம் அடித்த மேஸ்திரிக்கு இது தெரியாது, தரகருக்குத் தெரியும் என்றே நினைக்கிறோம்.)

அண்டை வீட்டாரிடம் உரிமை கேட்பதும் நாம் நினைக்கும் அளவுக்கு எளிதன்று. அதே 1882இல் வந்த வசதியுரிமைச் சட்டத்தின்படி, ஒருவரது நிலத்தை அடுத்த நிலம் தாங்கி நிற்க வேண்டியது இயற்கையான உரிமை. ஆனால் அது வெறும் மண்ணுக்குத்தான். மண்ணின்மேல் நாம் ஏற்றிவைத்த கட்டடப் பாரத்துக்கும் அந்தத் தாங்கல் வேண்டுமென்றால், இருபது ஆண்டு இடையூறின்றி அதை அனுபவித்திருக்க வேண்டும். நூறாண்டு வீட்டுக்கு இது பெரிய தடையில்லை. நேற்றுக் கட்டிய வீட்டுக்காரர் மட்டும், பக்கத்தில் தோண்டியவரின் கவனக்குறைவைத் தனியாக நிறுவியாக வேண்டும்.

வழக்கு ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சுவரின் மீதோ வழியின் மீதோ உரிமை பற்றிய வழக்கு நடக்கும்போது வீட்டை வாங்கியவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும்; அவருக்கு வழக்கு பற்றித் தெரியுமா என்ற கேள்வியே எழாது. 52ஆம் பிரிவு சொல்வது அது. ஆனால் வழக்கு நிலுவையில் இருப்பது வில்லங்கச் சான்றில் வந்தே ஆக வேண்டும் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் இல்லை. பம்பாய் மாகாணம் 1939லேயே சட்டத்தைத் திருத்தி, நிலுவை வழக்கு பற்றிய அறிவிப்பைப் பதிவு செய்ய வழிவகுத்தது. 1998இல் சட்ட ஆணையம் தன் 157ஆவது அறிக்கையை இந்த ஒரே பிரிவுக்காக எழுதியது. 2010இல், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில், விவரமறியாமல் வாங்குவோர் படும் துன்பத்தை எடுத்துச் சொல்லி, பம்பாய்த் திருத்தத்தைப் போன்ற ஒன்றை நாடு முழுமைக்கும் கருதிப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றமே குறிப்பிட்டது. அடுத்தவர் நல்ல வழி காட்டி எண்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. தமிழ்நாடு இதை ஏன் செய்யக்கூடாது என்பதற்கு ஏற்கத்தக்க ஒரு காரணமும் எங்களுக்குத் தோன்றவில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் செக்குபந்தி என்று ஒரு பகுதி உண்டு: வடக்கில் இன்னார் வீடு, தெற்கில் இன்னார் மனை. ஒருவரது வாழ்நாள் முழுதும் சுவரைப் பகிர்ந்துகொண்ட மனிதர் பத்திரத்தில் வெறும் திசையாகிவிடுகிறார். அந்த வரியோடு இன்னும் இரண்டு வரி சேர்ந்தால் என்ன? வடக்குச் சுவர் பொதுச்சுவர், அதில் உள்ள பழுது இன்னது, அதைச் சரிசெய்யும் பொறுப்பு இன்னாருடையது என்று எழுதி, வடக்கு வீட்டுக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போடலாம். தோண்டுவதற்கு முன்பே இரு வீட்டாரும் சேர்ந்து சுவரைப் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அப்படி எழுதினால் விலை குறையும் என்பார்கள். குறையட்டும். எழுதாமல் கிடைக்கும் கூடுதல் விலை வாங்குபவரின் பணமன்றோ! பெரும்பாலும் ஓய்வூதியமும் நகையும் கடனும் சேர்த்து, ஆயுளில் ஒரே ஒரு வீடு வாங்குகிறவர்கள் இவர்கள்.

ஆனால் இந்த யோசனை எண்ணூருக்கு வந்ததும் நொண்டுகிறது. அங்கே அண்டை வீட்டார் மனிதர்கள் மட்டுமல்லர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றின் முகத்துவாரம் வரை பரவியது. வெள்ளம் வடிந்த வீடுகளின் சுவர்களில் கறுப்புக் கோடு நின்றது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து விசாரித்தது. அரசு அறிவித்த நிவாரணம் மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000, பாதிக்கப்பட்ட மற்றக் குடும்பத்துக்கு 7,500. குடும்பம் உண்டு, படகு உண்டு. சுவருக்குத் தனிக் கணக்கில்லை. இன்னும் பழைய அண்டை வீட்டார் ஒருவரும் உண்டு: துறைமுகம். அதன் கற்சுவர்கள் கடலுக்குள் நீண்டதிலிருந்து தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை கரைந்தது. கடலுக்குள் போன வீடுகளுக்குச் செக்குபந்தி எழுதவே வழியில்லை.

எண்ணூரில் ஒருவர் தன் வீட்டை விற்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கறுப்புக் கோட்டை அவர் பூசி மறைத்தால் 55ஆம் பிரிவு அவரைப் பிடிக்கும். உண்மையைச் சொன்னால் விலை விழும். விழுந்த தொகையை அவர்தான் தாங்க வேண்டும். எண்ணெய் அவருடையதல்ல. இராயபுரத்துக்காரரிடம் நாங்கள் தயங்காமல் கேட்கும் நேர்மையை அவரிடமும் அதே குரலில் கேட்க எங்களால் முடியவில்லை. இழந்த விலையை நிவாரணக் கணக்கில் ஒரு வரியாகச் சேர்த்து, எண்ணெய்க்குப் பொறுப்பானவரிடமிருந்து வசூலித்துக் கொடுத்த பிறகு கேட்கலாம்.