சக்கரத்தின் மேல் வந்த ஆசை

“இவர் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடுவதே இல்லை, அக்கா. எப்போது பார்த்தாலும் போனில் சக்கரம் பார்த்துக் கொண்டிருக்கிறார்” என்றாள் என் தங்கை.

2023 நவம்பரில் கலிபோர்னியாவில், சான் ஹோசே நகரில் உள்ள அவள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். மாப்பிள்ளைக்கு அப்போதுதான் ஒரு பொம்மை கிடைத்திருந்தது. 1992-ஆம் வருஷத்து மாஸ்டா மியாட்டா. இரண்டே பேர் உட்காரக் கூடிய சிவப்புக் கார். கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். குழந்தையை ஏற்றிக்கொண்டு போக வீட்டில் வேறு கார் உண்டு. இதில் மாப்பிள்ளை மட்டும் தினமும் 17-ஆம் நம்பர் ரோடு வழியாக மலையைத் தாண்டிச் சான்டா குரூஸுக்கு வேலைக்குப் போய் வருவார். அந்த மலைப் பாதையின் வளைவுகளை நான் ஒரே ஒரு தரம் பார்த்தேன். மறு தரம் கண்ணை மூடிக்கொண்டு விட்டேன்.

“ஸ்போர்ட்ஸ் காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?” என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். டயர் சமாசாரம் வாசலில் நிற்கும் எல்லாக் கார்களுக்கும் பொது.

மாப்பிள்ளையின் குறை என்னவென்றால், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி தெரிகிறதாம். பெரிய சக்கரமாகப் போட்டால் அது நிரம்பிவிடும், கார் எடுப்பாக இருக்கும். “ஸ்பிரிங்கை எல்லாம் தொடப் போவதில்லை, அக்கா. கம்பெனி கொடுத்தது அப்படியே இருக்கட்டும். சக்கரம் மட்டும்தான்” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ஆசைப்பட்டது 17 அங்குலச் சக்கரம். காரோடு வந்ததோ 14 அங்குலம்.

அன்று சாயங்காலம் நானும் தங்கையும் காருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டயரின் மேல் எழுதியிருப்பதைப் படித்தோம். 185/60 ஆர் 14, 82 எச். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது டயரின் பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு 60 பங்கு. அதாவது 111 மில்லிமீட்டர். 14 என்பது சக்கரத்தின் குறுக்களவு. 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரையில் தாங்கும் என்பதற்கு அடையாளம். புடவைக் கடையில் எட்டு கஜமா ஒன்பது கஜமா என்று பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பிரமாதமான கணக்கு அல்ல.

மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்த டயர் 205/40 ஆர் 17. அதன் பக்கச் சுவர் 82 மில்லிமீட்டர்தான். பள்ளத்தில் விழும்போது முதலில் நசுங்கி அடியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவர். அது குறைந்தால் மிச்ச அடி ரிம்முக்கும், ஸ்பிரிங்குக்கும், கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் இடுப்புக்கும் போய்ச் சேர வேண்டியதுதான். கார் இரண்டாயிரத்தில் ஐநூறு கொடுத்து வாங்கிய காராக இருந்தாலும், இடுப்பு ஒன்றுதானே!

கனமும் ஒரு விஷயம். இந்தக் காரே ஆயிரம் கிலோகூட இல்லை. அதன் பழைய அலுமினியச் சக்கரம் ஒன்று ஐந்தரைக் கிலோ சுமார். மலிவாகக் கிடைக்கும் 17 அங்குலச் சக்கரங்களில் பல எட்டு, ஒன்பது கிலோவைத் தாண்டிவிடும். கம்பெனி வைத்த ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் லேசான சக்கரத்தை அடக்கி ஆளுவதற்காகச் செய்தவை. செருப்புப் போட்டு ஓடப் பழகிய குழந்தையின் காலில் பாதக்குறட்டை மாட்டி ஓடச் சொன்னால் எப்படி இருக்கும்? மேடு வந்தால் சக்கரம் எகிறும். எகிறினால் சீக்கிரம் தரைக்குத் திரும்பாது. தரையைத் தொடாத டயர் வளைவில் என்ன பிடிப்புக் கொடுக்கும்?

இதையெல்லாம் நான் சொன்னபோது மாப்பிள்ளை மரியாதைக்காகத் தலையை ஆட்டினார். தங்கைதான் பேசினாள்: “பார்க்கத்தானே போகிறோம், போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.” அவள் எங்கள் அம்மாவின் பெண்.

ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீமான்ட்டுக்குப் போனோம். விற்கிறவன் இருபது வயதுப் பையன். நாலு சக்கரம், டயரோடு சேர்த்து அறுநூறு டாலர். டயரின் பள்ளங்கள் ஆழமாக, கறுப்பாக, மினுமினுவென்று இருந்தன. “ஓடவே இல்லை” என்றான் பையன். மாப்பிள்ளையின் கை பர்ஸுக்குப் போய்விட்டது.

தங்கை ஒரு டயரை மெல்ல உருட்டினாள். நகைக் கடையில் முத்திரை தேடுகிற மாதிரி, போனின் விளக்கைப் போட்டு ஓரத்தில் எதையோ தேடினாள். ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம்: 1410.

“பதினாலாவது வாரம், 2010-ஆம் வருஷம்” என்றாள். “இது நம் கல்யாணத்துக்கு ஆறு வருஷம் முந்தியது.”

பையன் பொய் சொல்லவில்லை; அவை ஓடவே இல்லைதான். ஆனால் ரப்பர் ஓடாமலே கிழமாகும். உள்ளே இறுகும், நுண்ணிய வெடிப்பு விடும், ஈரத் தரையில் வழுக்கும். ஆறு வருஷத்துக்கு மேல் போனால் மாற்றிவிடு என்று சில கார்க் கம்பெனிகள் சொல்கின்றன. பத்து வருஷத்துக்கு மேல், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வைத்துக்கொள்ளாதே என்று பெரிய டயர்க் கம்பெனிகளே எச்சரிக்கின்றன. மழைக்காலம் ஆரம்பிக்கிற நேரம்; 17-ஆம் நம்பர் ரோடு; பதின்மூன்று வயது டயர். மாப்பிள்ளையின் முகம் சுண்டிப் போயிற்று. திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை.

பாவம், ஆசையை அடியோடு வெட்டுவது எனக்கும் பிடிக்கவில்லை. நியாயமான வழி ஒன்று இருந்தது. மியாட்டாவின் இரண்டாவது தலைமுறைக்கு மாஸ்டாவே 15 அங்குலச் சக்கரமும் 195/50 ஆர் 15 டயரும் கொடுத்திருக்கிறது. பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய டயரின் மொத்த உயரம் 578 மில்லிமீட்டர், இது 576. ஸ்பீடாமீட்டர்கூடப் பொய் சொல்லாது. 17 அங்குலமாக இருந்திருந்தால் முள் 60 காட்டும்போது கார் 62-இல் போகும். ஒரு வேடிக்கை: பழைய மியாட்டாக்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் திட்டத்தை ஜப்பானில் 2017-இல் மாஸ்டா அறிவித்தபோது, பிரிட்ஜ்ஸ்டோனிடம் சொல்லி அதே பழைய 185/60 அளவு டயரை மறுபடியும் செய்ய வைத்தது. செய்தவர்களுக்கே அந்த ஒல்லி டயரின் மேல் அவ்வளவு பிரியம்!

அளவு முடிவானால் போதாது. சக்கரம் வளையல் மாதிரி. அழகாக இருந்தாலும் கையில் ஏற வேண்டும். இந்தக் காருக்கு நாலு நட்டு, 100 மில்லிமீட்டர் வட்டத்தில். அப்புறம் ஆஃப்செட் என்று ஒன்று: ஹப்பில் போய் ஒட்டும் முகம், சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பது. பழையதற்கு 45 மில்லிமீட்டர். இந்த எண் குறையக் குறைய, அகலம் கூடக் கூட, சக்கரம் வெளியே துருத்தும். பையனிடம் பார்த்தது ஏழரை அங்குல அகலம், ஆஃப்செட் 35. பழையதை விட மூன்றரை சென்டிமீட்டர் வெளியே வந்து நிற்கும்! ஸ்டியரிங்கின் குணமே மாறிவிடும். கடைசியில் ஆர்டர் செய்தது ஆறரை அங்குல அகலம், ஆஃப்செட் 40, கனம் ஆறு கிலோவுக்குள்.

பெட்டி வந்ததும் இன்னொரு சங்கடம். காரின் ஹப் 54.1 மில்லிமீட்டர்; சக்கரத்தின் நடுத் துவாரம் அதைவிடப் பெரிசு. மோதிரம் தொளதொளவென்றிருந்தால் நூல் சுற்றுகிறோமே, அதற்கென்றே மெல்லிய வளையம் விற்கிறார்கள். அதை நடுவில் வைத்தால்தான் சக்கரம் மையத்தில் உட்காரும், ஸ்டியரிங் நடுங்காது.

டயர் வாங்கும்போது மாப்பிள்ளை ஒரு கடைசி முயற்சி செய்தார்: பந்தயக்காரர்கள் போடும் ஒட்டுகிற ரகம். பழைய ஸ்பிரிங்கின் மேல் அது வளைவில் காரை இன்னும் சாய்க்கும். குளிர்ந்த ஈரத் தரையில் அதன் சாமர்த்தியம் பலிக்காது. தங்கை காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மழைக்கும் உதவுகிற சாதாரண ரோடு டயராக நாலும் ஒரே ரகத்தில் எடுத்தார்கள். சக்கரத்தில் மிச்சம் பிடித்த பணம் அதற்குச் சரியாகப் போயிற்று.

மாட்டி நூறு கிலோமீட்டர் ஓட்டியபின், நட்டுகளை மறுபடியும் அளவுச் சாவியால் இறுக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு மழை நாள் காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்தார். மட்கார்டு இடைவெளி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நான் கிளம்புகிற அன்று பார்த்தேன்: பிரிட்ஜ் கதவில், குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டிய தேதிகளின் கீழே, தங்கை தன் கையெழுத்தில் நாலு டயருக்கும் பிறந்த வாரத்தையும் வருஷத்தையும் எழுதி ஒட்டியிருந்தாள்.