கோர்ட்டுக்குப் போன நாச்சியார்கள்

ஐரோப்பியச் சரித்திரம் படிப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அங்கே ராணிகளுக்குப் பெயர்ப் பஞ்சம் என்றாலும், முதலாம் எலிசபெத், இரண்டாம் காதரீன் என்று எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நம் சேதுச் சீமையில் அந்த வசதி இல்லை. ராமநாதபுரம், சிவகங்கை அரண்மனைகளில் யாரைப் பார்த்தாலும் நாச்சியார்தான். முன்னால் வேலு, வெள்ளச்சி, மங்களேசுவரி என்று ஏதாவது சேர்த்துக் கொண்டு நாமே அடையாளம் கண்டுகொள்ள வேண்டியதுதான்!

இவர்களில் வேலு நாச்சியாரைத் தெரியாதவர் இல்லை. 1772-ல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்தவர், 1780-ல் சிவகங்கையை மீட்டார். அவர் பெயரால் 2008-ல் தபால் தலைகூட வெளியாயிற்று. ஆனால் வாள் எடுக்காமலே சண்டை போட்ட நாச்சியார்களும் இருந்தார்கள். அவர்களை யார் நினைக்கிறார்கள்?

சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லப தேவர் 1829-ல் ஆண் வாரிசு இல்லாமல் காலமானார். சகோதரரின் பிள்ளைகள், "கூட்டுக் குடும்பச் சொத்து, எங்களுக்குத்தான்" என்று ஜமீனை எடுத்துக்கொண்டார்கள். விதவை அங்கமுத்து நாச்சியார் விடவில்லை, வழக்காடினார். அவர் காலமான பிறகு, ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார் வழக்கைக் கையில் எடுத்தார். கோர்ட்டு கோர்ட்டாக ஏறி, கடைசியில் விவகாரம் லண்டன் பிரிவி கௌன்ஸிலுக்கே போயிற்று. 1863-ல் தீர்ப்பு. குடும்பம் பிரியாமல் இருந்தாலும், ஆண் பிள்ளை இல்லாதவர் சுயமாகச் சம்பாதித்தது மனைவிக்கும், அவருக்குப் பிறகு மகளுக்கும்தான் என்றார்கள். முப்பத்து நான்கு வருஷம்! பெண்ணுக்குப் பிடிவாதம் ஆகாது என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

ராமநாதபுரத்து வியாஜ்யம் வேறு விதம். கும்பினியார் 1795-ல் சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு, 1803-ல் அவருடைய சகோதரி மங்களேசுவரி நாச்சியாருக்கு ஜமீன் சன்னது கொடுத்தார்கள். அரசு ஜமீன் ஆனது அப்போதுதான். பிறகு வந்த ராமசாமி சேதுபதி 1830-ல் இறந்தார். அவருடைய பெண் குழந்தைகளும் தங்கவில்லை. விதவை பர்வதவர்த்தனி நாச்சியார் 1847-ல் முத்துராமலிங்கம் என்ற சிறுவனை ஸ்வீகாரம் எடுத்தார். கணவர் அனுமதி தராத ஸ்வீகாரம் செல்லுமா? செல்லாது என்றால் ஜமீன் சர்க்காரிடம் போய்விடும். சர்க்காரின் கண்ணும் அதன்மேல்தான்! பங்காளிகளின் சம்மதம் இருந்தால், தமிழ்நாட்டு வழக்கப்படி விதவை எடுத்த ஸ்வீகாரம் செல்லும் என்று 1868-ல் பிரிவி கௌன்ஸில் சொல்லிவிட்டது. 1956-ல் புதுச் சட்டங்கள் வரும் வரையில் இந்த இரண்டு தீர்ப்புகளையும் புரட்டாத வக்கீல் இருந்திருக்க மாட்டார்.

திருச்சுழிப் பக்கம் வானத்தையும் கண்மாயையும் பார்த்துக் கம்பும் பருத்தியும் போட்ட குடியானவனுக்கு லண்டன் ஏது, பிரிவி கௌன்ஸில் ஏது? ஆனால் அவன் தீர்வை கட்டிய ஜமீன் யாருடையது என்பது அங்கேதான் முடிவாயிற்று.

அதே 1868-ல் பிறந்தவர், ஸ்வீகாரப் புத்திரரின் மகன் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தரின் அமெரிக்கப் பயணத்துக்கு ஊக்கம் தந்தவர் அவர்தான். ஸ்வீகாரப் புத்திரரின் அண்ணன் பொன்னுசாமித் தேவர். இவர் மகன் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துப் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டவர்.