பிள்ளையின் பௌதிகக் கணக்கும் பெற்றோரும்



நான்காம் படிவத்தில் பௌதிகம் எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு.

“அம்மா, இந்தக் கணக்கு வரவே மாட்டேங்குது.”

“எனக்கு என்னய்யா தெரியும்? நான் படிச்சது ஆறாம் வகுப்பு. கூட்டாளிகிட்ட கேட்டு எழுது.”

மறுநாள் காலையில், பள்ளிப் பேருந்திலேயே கூட்டாளியின் நோட்டைப் பார்த்து வீட்டுப்பாடம் எழுதி முடிக்கப்படுகிறது. இந்நாளில் கூட்டாளியும் வேண்டியதில்லை. கைத்தொலைபேசியைத் தட்டினால் விடை வந்து நிற்கிறது.

நோட்டில் ‘சரி’ விழும். ஆனால், எஸ்.பி.எம். சோதனை மண்டபத்தில் கூட்டாளியும் உதவ முடியாது, தொலைபேசியும் கூடாது. அங்கே தடுமாறிய பிள்ளையைப் பார்த்து, “இவனுக்குப் பௌதிகம் ஏறாது” என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்போடு பொறியியல் முதலிய எத்தனையோ படிப்புகளின் கதவு சாத்தப்படுகிறது. பிள்ளைக்கு அறிவு குறைவு என்பதாலா? இல்லை. கணக்கோடு மல்லுக்கட்டிப் பழகவில்லை என்பதால்தான்.

இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தப் பௌதிகம் தெரியாத தாய் தந்தையராலும் முடியும். விடை சொல்லிக் கொடுப்பது உங்கள் வேலை அல்ல. கேள்வி கேட்பதுதான் உங்கள் வேலை.

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, கணக்குகளுக்குத் தீர்வு காணும் முறை பற்றி 1945-இல் ஒரு நூல் வெளியிட்டார். கணக்கைப் புரிந்துகொள், வழியைத் திட்டமிடு, செய்து முடி, பிறகு திரும்பிப் பார் என்று நான்கு படிகளை அதில் வகுத்தார். அவற்றை நம் வீட்டுப் பேச்சில் இப்படிக் கேட்கலாம்: “என்ன நடக்குது? படம் போட்டுக் காட்டு. என்னென்ன கொடுத்திருக்காங்க? எதைக் கேட்கிறாங்க? எந்த விதியைப் போடப் போறே, ஏன்? வந்த விடை நடக்கக் கூடியதுதானா?”

கடைசிக் கேள்வியில் நீங்கள் பிள்ளைக்கே ஆசானாகிவிடுவீர்கள். எப்படி என்று பார்ப்போம்.

ஒரு கணக்கு. 150 சென்டிமீட்டர் நீளமுள்ள காண்டாக் கம்பின் முன்முனையில் 12 கிலோ வாளி. பின்முனையில் 8 கிலோ வாளி. கம்பின் கனத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கம்பு சாயாமலிருக்கத் தோள் எங்கே இருக்க வேண்டும்?

விதி இதுதான்: ஒரு பக்கத்துப் பாரத்தைத் தோளிலிருந்து அது இருக்கும் தூரத்தால் பெருக்கினால் வருவதும், மறு பக்கத்தில் அப்படிப் பெருக்கினால் வருவதும் சமமாக இருக்க வேண்டும். முன்வாளியிலிருந்து 60 சென்டிமீட்டரில் தோள் இருந்தால் 12-ஐ 60-ஆல் பெருக்க 720. பின்பக்கம் மீதி 90. அதை 8-ஆல் பெருக்கினாலும் 720. சரியாக வந்துவிட்டது.

அவசரத்தில் பிள்ளை தூரத்தை மாற்றிப் போட்டு, ‘முன்வாளியிலிருந்து 90 சென்டிமீட்டர்’ என்று எழுதிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பால்மரக் காட்டில் காண்டா தூக்கிய பாட்டி வீட்டில் இருந்தால் என்ன சொல்வார்? “கனத்த வாளிப் பக்கம்தானே தோள் போகணும்? இது எப்படி?” என்பார். விதியின் பெயர் பாட்டிக்குத் தெரியாது. ஆனால், அவர் தோளுக்குத் தெரியும்!

இன்னொரு கணக்கு. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள், பிரேக் பிடித்ததும் வேகம் சீராகக் குறைந்து 5 விநாடியில் நிற்கிறது. அதற்குள் எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்?

மணிக்கு 54 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 15 மீட்டர். வேகம் 15-லிருந்து சீராகச் சுழிக்கு இறங்குவதால் சராசரி 7.5. ஐந்து விநாடியில் 37.5 மீட்டர். பிள்ளைகள் பலர் வழுக்கி விழும் இடம் முதல் படிதான். 54-ஐ மாற்றாமல் அப்படியே போட்டால் 135 என்று வரும்.

செம்பனைக் காட்டில் மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளி இருக்கும். 37.5 மீட்டர் என்றால் நான்கு மர இடைவெளிக்குச் சற்றே கூடுதல். 135 என்றால் பதினைந்து! “அந்த வேகத்துல வந்து பிரேக் போட்டா பதினைஞ்சு மரம் தாண்டியா வண்டி நிற்கும்?” என்று தந்தை கேட்டால் போதும். பிள்ளையே நோட்டைத் திருப்பித் தவற்றைக் கண்டுபிடிக்கும். தானே கண்டுபிடித்த தவறு மனத்தில் நிற்கும். பிறர் சொன்ன விடை நிற்காது.

மொழியும் ஒரு தடைதான். தமிழ்ப்பள்ளியில் தமிழில் விஞ்ஞானம் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறது. ‘ஜிசிம்’ என்பதும் ‘பெராட்’ என்பதும் ஒன்றுதான் என்று பல பிள்ளைகள் நினைத்துக்கொள்கின்றன. ஜிசிம் என்பது பொருளின் அளவு, கிலோவில் சொல்வது. பெராட் என்பது பூமி அதை இழுக்கும் விசை, நியூட்டனில் சொல்வது. ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைக் கையில் வாங்கினால் தெரியும் கனம் ஏறக்குறைய 10 நியூட்டன். “அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? எனக்குத் தமிழில் சொல்லு” என்று கேளுங்கள். உங்களுக்கு விளக்கச் சொல் தேடும்போதே பிள்ளைக்குப் பாடம் தெளிந்துவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். பிள்ளை திணறும்போது உடனே திட்டாதீர்கள். பத்து நிமிடமாவது யோசிக்க விடுங்கள். அப்போதும் வரவில்லையென்றால், எந்த இடத்தில் தடைப்பட்டது என்பதை நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். “ஆசிரியரே, ஒன்றும் புரியவில்லை” என்பதைவிட, “படம் போட்டேன், கொடுத்ததை எழுதினேன், இந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன்” என்று கேட்கும் மாணவனுக்கு ஆசிரியரும் எளிதில் உதவ முடியும். விடையைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், பார்த்த பிறகு நோட்டை மூடிவிட்டு மறுபடியும் தானே செய்யட்டும்.

வேலை முடிந்து களைத்து வரும் உங்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பீர்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கணக்கு. சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், போதும். இன்றிரவே பிள்ளையைக் கூப்பிட்டு, “எங்கே, படம் போட்டுக் காட்டு” என்று தொடங்கிப் பாருங்கள்.