பென்ஸ் லாரிக்கு டர்போ வேண்டாம் மச்சான்

எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு நண்பன். ராஜபாளையத்துக்காரன். அவங்க தாத்தா வாங்கின லாரி ஒண்ணு இன்னும் வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டுல நிக்குது. அறுபதுகள்ல வந்த டாடா மெர்சிடிஸ்-பென்ஸ். முன்னாடி கிரில்லுல அந்த மூணு முனை நட்சத்திரம் அப்படியே இருக்கு. ஊர்ல இன்னைக்கும் அதுக்கு "பென்ஸ் லாரி"ன்னுதான் பேரு. டெல்கோவும் டெய்ம்லர்-பென்ஸும் சேர்ந்து 1954-ல ஜாம்ஷெட்பூர்ல ஆரம்பிச்ச வண்டி. 1969-ல ஒப்பந்தம் முடிஞ்சதும் நட்சத்திரம் போயி 'டி' வந்துருச்சு. அதனால நட்சத்திரத்தோட ஒரு லாரி இருக்குன்னா அதோட வயசை நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

நண்பனோட பிளான் இது: வண்டிக்குப் பெயின்ட் அடிச்சு, ஆடிப்பூரத் தேர் அன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்டிட்டுப் போய் நிறுத்தணும். அப்புறம் நம்ம டெக் ஃபெஸ்ட்டுக்கும் கொண்டு வரணும். இதுவரைக்கும் எனக்கும் ஓகே. அடுத்ததுதான் சண்டை. பழைய எஞ்சினைத் தூக்கிட்டு, ஸ்கிராப்புக்குப் போன ஒரு டாடா லாரியில இருந்து 5.9 லிட்டர் கம்மின்ஸ் டர்போவை இறக்கணுமாம். "சவுண்டு எப்படி இருக்கும் தெரியுமா?" தெரியும். நானும் அந்த வீடியோ எல்லாம் பார்த்தவன்தான்.

எஞ்சின் மாத்துறதே தப்புன்னு நான் சொல்லலை. நம்ம ஊர் லாரிகளோட கதையே எஞ்சின் மாத்தின கதைதான். ஒரு காலத்துல ஓடின ஃபார்கோ, டாட்ஜ், செவர்லே எல்லாம் பெட்ரோல் லாரிங்க. பெட்ரோல் செலவு தாங்காம அதைக் கழட்டிட்டு பெர்கின்ஸ் பி6 டீசல் எஞ்சினை வெச்சாங்க. இங்கிலாந்துல 1937-ல வந்த எஞ்சின் அது. ஆறு சிலிண்டர், 4.7 லிட்டர். பிறகு சென்னையில சிம்சன் கம்பெனியே அதைத் தயாரிச்சுது. வில்லிஸ் ஜீப்புக்கும் இதே கதைதான். வண்டி நாலு காசு சம்பாதிக்கணும்னு மாத்தின எஞ்சின் அது. அப்படி மாத்தின ஒரு ஃபார்கோ இன்னைக்குக் கிடைச்சா அந்த பெர்கின்ஸைக் கழட்டாதீங்கன்னுதான் சொல்லுவேன். இப்ப அதுவும் அந்த வண்டியோட சரித்திரம்.

ஆனா இந்த லாரி இனிமே என்ன சம்பாதிக்கப் போகுது? ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர் பக்கம். சமதளம். லோடு கிடையாது. நாலு டன் காலி லாரி 50 கிலோமீட்டர் வேகத்துல போக எவ்வளவு பவர் வேணும்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டயர் உருள்ற தடை, காத்துத் தடை, கியர்ல போற நஷ்டம் எல்லாம் சேர்த்து 20 குதிரைசக்தி பக்கம்தான் வருது. பழைய எஞ்சின்ல சுமார் 100 இருக்கு. இதே எஞ்சின்தான் ஒரு காலத்துல நூல் பேலை ஏத்திக்கிட்டு ஆரியங்காவு மலை ஏறி கொல்லம் வரைக்கும் போயிட்டு வந்துச்சு.

இன்னொரு விஷயம், இது நிறைய பேருக்குத் தெரியாது. பெரிய டீசல் போட்டா வேகம் கூடும்னு நினைக்கிறோம். டீசல் எஞ்சினோட உச்ச வேகத்தை கவர்னர் கட்டிப் போட்டிருக்கும். பெரிய எஞ்சின் பொதுவா குறைஞ்ச ஆர்.பி.எம்-லயே நின்னுடும். பழசு 2800 வரைக்கும் சுத்தும், புதுசு 2500-தான்னு வெச்சுக்கோங்க. பின்னாடி கிரவுன் பினியன் அதேதான்னா, 70-ல போன வண்டி இப்ப 62-63-லதான் போகும். ரெண்டு லட்சம் செலவு பண்ணி வண்டியை மெதுவாக்கின கதை. சரி, கிரவுன் பினியனையும் மாத்துவோம்னா, அங்க இருந்து செலவு நிக்கவே நிக்காது.

ஏன்னா கூடுறது டார்க். (தமிழ்ல முறுக்குவிசைன்னு சொல்றாங்க. இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது, நல்ல வார்த்தை.) முறுக்கு கூடினா எது பலவீனமோ அது முதல்ல போகும். கிளட்ச் பிளேட்டை மாத்தினா கியர் பாக்ஸ். அதைத் தாண்டினா ஜாயிண்ட். அதையும் தாண்டினா ஆக்சில். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல அடாப்டர் பிளேட் கடையணும். அதோட மையம் கொஞ்சம் விலகினாலும் கியர் பாக்ஸ் பேரிங் காலி. லேத்துல அதைச் சரியா பண்ற ஆள் நம்ம பக்கம் இருக்காங்க. ஆனா அவசரத்துல பண்ணச் சொல்றவங்கதான் அதிகம்.

நான் உண்மையிலேயே பயப்படுறது பிரேக்குக்கு. வேகம் 50-ல இருந்து 80 ஆனா வண்டியோட இயக்க ஆற்றல் ரெண்டரை மடங்கு. அத்தனையையும் அறுபது வருஷத்து டிரம் பிரேக்தான் சூடா மாத்தி வெளிய தள்ளணும். இந்த வண்டியை அந்தக் காலத்துல ஓட்டின டிரைவர் அண்ணாச்சி கிட்ட போய்க் கேட்டோம். "எஞ்சின் சூடானா ஓரமா நிறுத்தி தண்ணி ஊத்துவோம் தம்பி. பிரேக் பிடிக்கலேன்னா என்னத்த ஊத்துவீக?"ன்னாரு. நண்பன் வாயைத் திறக்கலை.

அதுவும் எங்க ஓட்டப் போறோம்? தேர் அன்னைக்கு, ரத வீதிப் பக்கம், அவ்வளவு கூட்டத்துல. தேர் இழுக்கிறதைப் பக்கத்துல நின்னு பார்த்திருக்கீங்களா? வடம் பிடிக்கிறவங்க ஆயிரக்கணக்குல. எல்லாரும் அவங்களைத்தான் போட்டோ எடுப்பாங்க. சக்கரத்துக்குப் பக்கத்துல முட்டுக்கட்டை வெச்சுக்கிட்டு ஓடுற சில பேரை யாரும் எடுக்க மாட்டாங்க. தேரைத் திருப்புறதும் நிறுத்துறதும் அவங்கதான்.

"அமெரிக்காவுல பண்றாங்களே?" பண்றாங்க. 1989 மாடல் டாட்ஜ் ராம்ல இந்த கம்மின்ஸ் வந்ததுல இருந்து, அதைக் கழட்டி நாற்பது, ஐம்பதுகளோட டிரக்ல வெக்கிறது அங்க ஒரு பெரிய பொழுதுபோக்கு. நல்லா பண்றவங்க ஆக்சில், டிஸ்க் பிரேக், சில சமயம் சேஸிஸே மாத்திட்டுத்தான் பண்றாங்க. நமக்கு வர்ற முப்பது செகண்ட் வீடியோவுல சைலன்சர் புகை மட்டும்தான் இருக்கும்.

சட்டமும் நம்ம பக்கம் இல்லை. 2021-ல வந்த விண்டேஜ் வாகன விதி ஐம்பது வருஷத்துக்கு மேல ஆன டூ வீலருக்கும் காருக்கும்தான், 'வி.ஏ' நம்பர் லாரிக்குக் கிடையாது. அந்த விதியிலயும் எஞ்சினை மாத்தியிருக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. லாரி சாதாரண ஆர்.சி-லதான் ஓடணும். கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல பார்க்கிறது எஞ்சின் நம்பரைத்தான்.

நண்பன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. பழைய எஞ்சினுக்கு ஸ்பேர் கிடைக்கிறது கஷ்டம். பிளாக்கே வெடிச்சிருந்தா என்ன பண்றது? அப்ப மாத்துங்க, ஆனா அதே வம்சத்துல மாத்துங்க. டாடாவோட 692, 697 எஞ்சின் பேரைக் கவனிச்சிருக்கீங்களா? முதல் எண் சிலிண்டர், அடுத்த ரெண்டும் போர் அளவு. 697-ன்னா ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் 128. பென்ஸோட ஓ.எம். 352-க்கும் இதே அளவுதான். இந்தப் பழைய எஞ்சினோட பேரப்பிள்ளை மாதிரி. 5.7 லிட்டர், டர்போ இல்லாதது, ஸ்பேரும் கிடைக்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல முதல்லயே கேட்டுட்டு, சேஸிஸ்ல வெல்டிங் டார்ச்சே படாம வெச்சு, பழைய எஞ்சினைக் கிரீஸ் தடவி ஸ்டாண்டுல பத்திரமா வெச்சா, நாளைக்கு யாராவது திரும்பப் போட்டுக்கலாம்.

ஆனா பிளாக் வெடிச்சிருக்கான்னு இன்னும் யாரும் திறந்தே பார்க்கலை. அதான் கடுப்பு. ஹெட்டைக் கழட்டாமலே கம்மின்ஸுக்கு அட்வான்ஸ் குடுக்கப் போயிட்டான். இப்போதைக்கு அதை நிறுத்தி வெச்சிருக்கோம். வர்ற ஞாயித்துக்கிழமை நாலு பிரேக் டிரம்மையும் கழட்டுறோம், அடுத்த வாரம் ஹெட். அண்ணாச்சியும் வர்றேன்னு சொல்லியிருக்காரு. மெக்கானிக்கல் பசங்க யாராவது வந்தா பழைய டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு வாங்க.