ஏட்டுச் சுரைக்காய்

இடருக்கேற்ப மதிப்பிட்ட கடன் நூறு ரூபாய் என்றால், வங்கியின் சொந்த மூலதனம் ஒன்பது ரூபாயாவது இருத்தல் வேண்டும் என்று வகுப்பில் படிக்கிறோம். கடன் மூழ்கினால் முதலில் கரைவது அந்த ஒன்பதே; வைப்பீட்டாளர் பணத்துக்கு அது அணை. நல்ல விதிதான். ஆனால் அந்த ஒன்பதைச் சரிபார்ப்பவர் யார்?

மும்பையிலிருந்த பஞ்சாப்–மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி, 2019 மார்ச்சில் காட்டிய மூலதன விகிதம் 12 சதவீதத்துக்கும் மேல்! அவ்வாண்டு செப்டம்பரிலேயே, ஒருவர் ஆறு மாதத்தில் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாது என்று ரிசர்வ் வங்கி தடை விதித்தது. கொடுத்த கடனில் 70 சதவீதத்துக்கும் மேல் ஒரே கட்டுமானக் குழுமத்திடம் சிக்கியிருந்தது. அதை ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகள் மறைத்து நின்றன. ஆண்டுதோறும் தணிக்கை நடந்த வங்கி அன்றோ அது?

ரிசர்வ் வங்கியின் வாசலில் கூடி முழக்கமிட்ட முதியவர்களைப் புரளிக்கு அஞ்சும் பாமரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் தந்தையின் சேமிப்பும் ஒரு கூட்டுறவு வங்கியில்தான் கிடக்கிறது.

விகிதத்தை உயர்த்துக என்பர் சிலர். பொய்க் கணக்கில் ஒன்பதென்ன, இருபதென்ன? மேற்பார்வையாளர் தாம் கண்ட குறையை வைப்பீட்டாளருக்கும் உடனே சொல்லட்டும். பீதி கிளம்பும் என்பார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாதிருந்த 2019-இலும் பீதி கிளம்பத்தானே செய்தது?