வியர்வை பட்டா ஆகாது

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது தமிழர் முதுமொழி. இதனை வாயாரச் சொல்லும் சமுதாயம், அவ்வளை எவர் பெயரில் பதிவாகியுள்ளது என்று கேட்க மறந்துவிட்டது. மலேசியத் தமிழர் வீடிழந்து நின்ற கதைகள் பலவற்றின் அடியிலே கிடப்பது இம்மறதியே ஆகும்.

மேடைதோறும் ஒரு முழக்கம் எழுவதுண்டு. “பாட்டன் காட்டை அழித்தான்; தந்தை பால்மரம் சீவினான்; மூன்று தலைமுறையாக இங்கேயே வாழ்கிறோம்; ஆகவே இம்மண் எமக்கே உரியது!” கேட்போர் கைதட்டுவர். பேச்சாளர் மாலையோடு வீடு திரும்புவார். ஆனால், நில அலுவலகத்தின் பதிவேட்டிலே அக்கைதட்டலை எழுதுவதற்கு ஒரு பத்தியும் இல்லை. முழக்கத்தில் உள்ள வரலாறு உண்மை. அதிலிருந்து பெறப்படும் முடிவோ பொய். இப்பொய்யைத் தொடர்ந்து ஊட்டி வருவோர் சமுதாயத்திற்கு நன்மை செய்வோர் அல்லர்.

நெடுங்காலம் குடியிருந்தால் உரிமை வந்துவிடும் என்னும் நம்பிக்கை வெறுங்கற்பனை அன்று. அதற்குத் தாயகத்தில் ஒரு வேர் உண்டு. அனுபவ பாத்தியதை என்று தமிழ்நாட்டு ஊர்களிலே பேசப்படுவது அதுவே. இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின்படி, பிறர் நிலத்தை ஒருவர் வெளிப்படையாகவும், உரிமையாளருக்கு எதிராகவும், இடைவிடாமலும் 12 ஆண்டுகள் அனுபவித்துவிட்டால், உரிமையாளர் அதனை மீட்க வழக்காட இயலாது. அரசு நிலமாயின் 30 ஆண்டுகள். எனினும், உரிமையாளரின் இசைவோடு குடியிருப்பவருக்கு அங்கும் அவ்வுரிமை கிட்டாது. முதலாளி கொடுத்த வீட்டில் வாழும் தொழிலாளி, இந்தியாவிலேயே இருந்திருப்பினும், இச்சட்டத்தைக் காட்டி வென்றிருக்க முடியாது. கடல் கடந்து வந்த நம்பிக்கை அரைகுறையாகவே வந்தது.

தீபகற்ப மலேசியாவிலோ அவ்வரைகுறைக்கும் இடமில்லை. இங்குள்ள நிலமுறை, 1858ஆம் ஆண்டு தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் வகுத்த முறையின் வழிவந்தது. அம்முறையிலே பதிவேடே உரிமை. பதிவேட்டில் பெயரில்லாதவர் உடைமையாளர் அல்லர். 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 48ஆம் பிரிவு, அரசு நிலத்தை எத்தனை ஆண்டுகள் பற்றியிருந்தாலும் உரிமை பிறவாது என்கிறது. 341ஆம் பிரிவு, தனியார் நிலத்திற்கும் அதையே விதிக்கின்றது. 12 ஆண்டாயினும் 120 ஆண்டாயினும் கணக்கு ஒன்றே.

அரசு நிலத்தில் வாழ்வோர் பலர் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தைப் பட்டாவென எண்ணிப் பெட்டியிலே பூட்டி வைத்திருப்பர். அவ்வுரிமம் ஆண்டின் இறுதியோடு முடிவது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. பெற்றவர் இறந்தால் அவரோடு இறப்பது. தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதற்கு அதிலே ஒன்றுமில்லை. பினாங்கின் கம்போங் புவா பாலாவில் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், நீதிமன்றப் படி ஏறியும் தம் நிலத்தைக் காக்க இயலவில்லை. 2009ஆம் ஆண்டில் அவ்வூர் இடிக்கப்பட்டது. அன்று கண்ணீர் வடித்தோர் பலர். பதிவேட்டைப் படிக்கக் கற்றோர் எத்தனை பேர்?

சட்டம் ஊருக்கு ஊர் மாறும் இயல்பினது என்பதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சரவாக்கின் 1958ஆம் ஆண்டு நிலச் சட்டத்தில், அவ்வாண்டு சனவரி முதல் நாளுக்கு முன் காட்டைத் திருத்திப் பயிரிட்ட சுதேச மக்களின் மரபுவழி உரிமைக்கு இடமுண்டு. தீபகற்பத்தில் காட்டை அழித்த தோட்டத் தொழிலாளிக்கு அத்தகைய பிரிவு எதுவுமில்லை. சிங்கப்பூரிலோ நெடுங்கால அனுபவத்தால் உரிமை பெறும் வழி ஒருகாலத்தில் திறந்திருந்தது. 1994ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் அவ்வழி அடைக்கப்பட்டது. கோடரியும் வியர்வையும் எங்கும் ஒன்றே; எழுதப்பட்ட சட்டமே வேறு.

அங்ஙனமாயின், உழைத்தவனுக்கு நீதியே இல்லையா எனச் சிலர் சினத்தோடு கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை தமிழ்நாட்டிலேயே உண்டு. பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த உழவர்க்கும் உழவுத் தொழிலாளர்க்கும் அக்குடியிருப்பு மனையை உரிமையாக்கி 1971ஆம் ஆண்டில் அங்கே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வுழவரின் வியர்வை அதற்கு முன்னும் சிந்தியதே. அப்போது அது பட்டா ஆகவில்லை. சட்டமன்றம் எழுதிய பின்னரே ஆயிற்று. உழைப்புக்கும் உரிமைக்கும் இடையே சட்டம் என்னும் பாலம் வேண்டும். பாலமில்லாத ஆற்றின் கரையில் நின்று கூவுவதால் அக்கரை இக்கரைக்கு வந்துவிடாது.

மலேசியத் தமிழருள்ளும் இதனை உணர்ந்து செயலாற்றியோர் இருந்தனர். வெள்ளையர் தோட்டங்களை விற்று வெளியேற, தோட்டத் துண்டாடல் தொழிலாளரைத் தெருவில் நிறுத்திய காலத்தில், 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறுசேமிப்பைக் கொண்டே தோட்டங்கள் வாங்கப்பட்டன. உரிமை முழக்கத்தில் இல்லை, பட்டாவில் உள்ளது என்னும் தெளிவின் விளைவு அது.

இத்தெளிவைப் பரப்பும் கடமை யாருடையது? தமிழாசிரியருடையதே. நிலச் சட்டம் வழக்கறிஞர் வேலை, தமிழ் வகுப்பிற்கு அதில் என்ன தொடர்பு என்று ஒதுங்குவோர், தாம் நிற்கும் பள்ளியின் நிலம் யாருடையது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன, கோயில்களும் உள்ளன. நிலம் கைம்மாறும் நாளில் இலக்கணமும் இலக்கியமும் எங்கே அமர்ந்து கற்பிக்கப்படும்?

குத்தகை, உரிமம், பட்டா ஆகிய மூன்று சொற்களின் வேறுபாட்டை உணராத மாணவன் எத்தனை செய்யுள் மனப்பாடம் செய்தும் வீடற்றவனாகலாம். கட்டுரைப் பயிற்சியில் ஒரு நாளேனும், தன் வீட்டு நிலத்தின் உரிமையாளர் யார், தவணை எத்தனை ஆண்டு, நிலவரி யார் பெயரில் செலுத்தப்படுகிறது என்று அவன் பெற்றோரிடம் கேட்டு எழுதட்டும். அவ்வினாவுக்கு விடை தெரியாத இல்லங்கள் அன்றே விழித்துக்கொள்ளும். இடிக்கும் இயந்திரம் வாசலுக்கு வந்தபின் விழிப்பதால் பயனில்லை.

பாட்டன் சிந்திய வியர்வையைப் போற்றுவோம். ஆனால், பேரன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதே அவ்வியர்வைக்குச் செய்யும் மெய்யான நன்றி.