முட்டைக்குத் தவணை இல்லை

தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே, பெண் குழந்தையின் சினைப்பைகளில் 60 லட்சம் முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் உண்டாகி விடுகின்றன. பிறக்கும்போது மிஞ்சுபவை 10 லட்சம் முதல் 20 லட்சம். பருவம் அடையும்போது சுமார் 3 லட்சம். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை சுமார் 400 மட்டுமே!

மற்றவை என்ன ஆகின்றன? செத்துக் கரைந்து விடுகின்றன.

இது நோய் அல்ல, உடலின் ஏற்பாடு. பழுதான செல்லும், மிகையான செல்லும் தாமே அழிந்து போகும்படி செல்லுக்குள்ளேயே ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சிறு புழுவில் இதை ஆராய்ந்த பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகிய மூவருக்கும் 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆணின் உடலில் விந்தணு நாள்தோறும் புதிதாக உண்டாகிறது. பெண்ணுக்கு அப்படி இல்லை. 35 வயதுக்கு மேல் முட்டையின் கையிருப்பு வேகமாகக் குறைகிறது.

மேடவாக்கம் ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர். இன்று அங்கே அடுக்கு மாடி வீடுகள். கம்பெனி வேலைக்குப் போகும் இளந்தம்பதிகள் நிறைய. "வீட்டுக் கடன் தீரட்டும், பிறகு பிள்ளை" என்று தள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. கடனுக்குத் தவணை கேட்கலாம். முட்டைக்குத் தவணை கிடையாது.

பிள்ளை இல்லை என்றால் மருமகளை மட்டும் ஏசுவதும் தவறு. குறை ஆணிடமும் இருக்கலாம். கணவனும் மனைவியும் சேர்ந்தே டாக்டரிடம் போக வேண்டும்.

இதைவிட அவசரமான விஷயம் ஒன்று உண்டு. புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில மருந்துகளும், கதிர்வீச்சும் முட்டைகளைப் பழுதாக்குகின்றன. பழுதான முட்டைகள் கூட்டமாகச் சாகின்றன. நோய் குணமாகும்; ஆனால் 25 வயதுப் பெண்ணுக்கும் மாதவிலக்கு நின்று விடலாம்.

இதற்கு வழி உண்டு. சிகிச்சைக்கு முன்பே முட்டைகளை எடுத்துக் கடுங்குளிரில் உறைய வைத்துப் பாதுகாக்கலாம். இதற்குச் சுமார் இரண்டு வாரம் ஆகும். நோய் அதுவரை பொறுக்குமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். ஆனால், வழி இருப்பதையே சொல்லாமல் விடுவது நியாயம் அல்ல.

சென்னையில் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது 1990-ல். வித்தை வந்து இத்தனை ஆண்டு ஆகியும், அது பணம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. புற்றுநோயால் வாடும் ஏழைப் பெண்ணின் முட்டைகளை இலவசமாகக் காத்து வைப்பதை அரசு தன் கடமையாக ஏற்க வேண்டும்.

வீட்டாருக்கும் ஒரு கடமை உண்டு. முதல் ஊசி போடும் முன், "பிற்பாடு இவளுக்குப் பிள்ளை பிறக்குமா?" என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். ஊசி போட்ட பிறகு கேட்டால், காலம் கடந்து விடும்.